பிள்ளையின் பல்வலியும் தாயின் அரைப்பேரும்

“பால்பல்லுதானே, எப்படியும் விழுந்துதான் போகும்.” தோட்டத்து லயங்களில் மட்டுமல்ல, பதுளைப் பட்டினத்திலும் பண்டாரவளையிலும் வசதியாக வாழும் வீடுகளிலும்கூட இந்த வார்த்தையைக் கேட்கலாம். பிள்ளையின் முன்பல் கறுத்து, ஓரம் உடைந்து, ஈறோடு ஒட்டிய சிறு முளையாக நிற்கும்போது பெற்றோர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளச் சொல்லும் வார்த்தை அது. அதில் பாதி உண்மை. பால்பல் விழத்தான் போகிறது. ஆனால் எப்போது? முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாயில் உள்ள பால்பற்களோ பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் நின்று வேலை செய்ய வேண்டியவை. மூன்று வயதில் கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டால், அந்தப் பல்லோடு பிள்ளை இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் வாழ வேண்டும். பிள்ளையோடு சேர்ந்து அந்த வீடும் வாழ வேண்டும்.

மாதர் குழுக்களிலும் முன்பள்ளி ஆசிரியைகளின் கூட்டங்களிலும் வாசித்துக் கலந்து பேசுவதற்காக எழுதப்படும் இப்பாடம், அந்த வீட்டைப் பற்றியதுதான்.

ஓர் இரவும் மறுநாளும்

பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை லயக் காம்பிரா. அதிலே அப்பா, அம்மா, அம்மாயி, ஏழாம் ஆண்டு படிக்கும் மகள், நான்கு வயதுச் சின்னவன். பகலெல்லாம் விளையாடிய பிள்ளை படுத்த பின் பல்லைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்குகிறான். பகலில் அடங்கியிருந்த பல்வலி இரவில் எழுவது வழக்கம். படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுவதும், கவனத்தைத் திருப்ப வேறொன்றும் இல்லாததும் அதற்குக் காரணம். அம்மாயி கிராம்பை நசுக்கி வைக்கிறார். கொஞ்சம் அடங்குகிறது, மறுபடி எழுகிறது. ஒரே அறை என்பதால் ஒருவரும் தூங்கவில்லை. “புள்ளைய சமாளிக்கத் தெரியாதா?” என்று அப்பா அதட்டுகிறார். அம்மா பதில் பேசுகிறார். பக்கத்துக் காம்பிராவில் சுவரைத் தட்டுகிறார்கள்.

விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பெரட்டுக்குப் போக வேண்டிய தாய் அவர். போனால், கண் எரிச்சலோடு மலையில் நின்று பறிக்கும் கொழுந்து சொன்ன கிலோவுக்கு வராது, அரைப்பேர்தான் விழும். போகாவிட்டால் பேரே இல்லை. பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டால் அவன் அழுகையை அடக்க ஆயாம்மாவால் முடியாது. ஆகவே ஏழாம் ஆண்டு படிக்கும் அக்காள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. இரண்டாம் நாள் கன்னம் வீங்குகிறது. “என்னாங்க, புள்ள மூஞ்சி ஒரு பக்கமா வீங்கிருக்குங்க” என்றதும்தான் பதுளைக்குப் போகும் யோசனை வருகிறது. லயத்திலிருந்து ரோட்டுக்கு நடை, பிறகு பஸ், பிறகு வரிசை. வீங்கிய பல்லை உடனே பிடுங்குவதா, முதலில் மருந்து கொடுத்துப் பிறகு பிடுங்குவதா என்பதை வைத்தியர் பார்த்து முடிவு செய்வார். இரண்டாவது என்றால் இன்னொரு நாளும் போக வேண்டும்.

அரசாங்க வைத்தியம் இலவசம்தான். ஆனால் 2024 செப்ரெம்பரில் வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தாலே, இரண்டு நாள் விட்டால் 2700 ரூபா. பஸ் காசும் கடைச்சாப்பாடும் வேறு. ஒரு டியூப் பற்பசையும் ஒரு சின்னப் பிரஷும் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைக் குழுவில் உள்ளவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

காசுக் கணக்கில் வராத நட்டங்களும் உண்டு. பல் நோகும் பிள்ளை சோற்றை மெல்லாமல் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுத் துப்பும். சாயத்தண்ணியில் நனைத்த பிஸ்கட்டைக் கேட்கும். கிளினிக்கில் நிறுத்துப் பார்க்கும்போது பாரம் ஏறியிருக்காது, “ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லையா?” என்ற கேள்வியைத் தாய் கேட்டுக்கொண்டு வருவார். பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்திருந்தால் அந்தக் கேள்வி வேறு விதமாக வந்திருக்கும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டத்துறையிலோ 32 வீதம் அளவில் இருந்தது. இதற்குச் சொத்தைப் பல்லே காரணம் என்று சொல்ல வரவில்லை. வறுமை, தாயின் இரத்தச்சோகை, பிறப்பு நிறை குறைவு என்று பெரிய காரணங்கள் பல. ஆனால் ஏற்கெனவே மெலிந்த பிள்ளைக்கு மெல்லவும் முடியாமல் போவது சின்ன விடயம் அல்ல.

முன்பற்கள் உடைந்த பிள்ளை சில எழுத்துக்களைத் தெளிவாக உச்சரிக்காது. முதலாம் ஆண்டு வகுப்பில் “பொக்கை வாய்” என்று மற்றப் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பெண்பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்; அதை வெட்கம், நல்ல குணம் என்றுகூட எண்ணியிருக்கிறோம்.

பாட்டன்மாருக்கு இல்லாத சொத்தை

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பற்களைப் பற்றி உலகத்துப் பல் வைத்திய மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நோர்வே நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 இல் நுவரெலியா மாவட்டத்தின் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தார்கள். அப்போது அவர்களுடைய வயது 14 முதல் 31 வரை. அதே ஆட்களை 1985 வரை பல தடவை திரும்பப் பார்த்தார்கள். 1986 இல் வெளியான அந்த ஆய்வு, பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ இல்லாத மனிதரில் முரசு நோய் எப்படி வளர்கிறது என்பதைக் காட்டும் முக்கிய ஆதாரமாக இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஏறக்குறைய எல்லோருக்கும் முரசு வீக்கம் இருந்தது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் மிக வேகமாகப் பரவி, 45 வயதில் வாயில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை.

ஆனால் நமது பாடத்துக்கு வேண்டிய செய்தி வேறு. அந்த மனிதருக்குப் பற்சொத்தை அநேகமாக இருக்கவே இல்லை. விழுந்த பற்கள் முரசு நோயால் விழுந்தவை. பிரஷையும் பற்பசையையும் அறியாத வாய்களில் சொத்தை இல்லை. பிரஷ் வீட்டுக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வயதில் உள்ளவர்களுக்குச் சொத்தை இருக்கிறது. 2015-16 இல் நடந்த தேசிய வாய்ச் சுகாதார அளவீட்டில், இலங்கையின் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோருக்குப் பற்சிதைவு காணப்பட்டது. இடையில் மாறியது என்ன? முக்கியமாக, சீனி வாய்க்குள் போகும் அளவும் அதைவிட அது போகும் தடவைகளும்.

அந்தப் பழைய காலம் பொற்காலம் அல்ல. துலக்காத பல்லுக்குக் கிடைத்த தண்டனையைத்தான் மேலே பார்த்தோம். துலக்குவதும் வேண்டும், சீனியைக் குறைப்பதும் வேண்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

சொத்தை எப்படி விழுகிறது?

பல்லில் பூச்சி இருக்கிறது, அது அரிக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பூச்சி என்று ஒன்று இல்லை. வாயில் எப்போதும் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பல்லின் மேல் பிசுபிசுப்பான படையாக ஒட்டிக்கொள்கின்றன. நாம் சாப்பிடும் சீனியை அவையும் சாப்பிட்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் வெளி ஓட்டிலுள்ள சுண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஒரு தடவை இனிப்புச் சாப்பிட்டால் சுமார் அரை மணித்தியாலம் இந்தக் கரைப்பு நடக்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, கரைந்ததில் ஒரு பகுதியைத் திருப்பி ஒட்டவைக்கும். ஆகவே ஒரு டொபியை ஒரேயடியாகத் தின்று முடிப்பதைவிட, பகல் முழுவதும் விட்டுவிட்டுச் சூப்புவதுதான் கெடுதி. உமிழ்நீருக்குத் தன் வேலையைச் செய்ய நேரம் கிடைப்பதில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதே மிகக் குறைவு.

போத்தலை வாயில் வைத்தபடி தூங்கும் பிள்ளைக்கு மேல் முன்பற்கள் முதலில் போவது இதனால்தான். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும். தாய்மார் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை உண்டு. வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் கிடத்தி, மேல் உதட்டை விரலால் உயர்த்திப் பாருங்கள். ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். அந்த நிலையில் இனிப்பைக் குறைத்து, புளோரைட் உள்ள பற்பசையால் துலக்கினால் பல்லைக் காப்பாற்றலாம். கோடு மண்ணிறமாகிக் குழி விழுந்துவிட்டால் வீட்டு வைத்தியத்தால் ஆகாது.

சீனி வரும் வழிகள்

தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் சுகாதார வகுப்புகளில் நமக்கு நம்பிக்கை இல்லை. சீனி போட்ட போத்தலைத் தாய் ஆசைக்காகக் கொடுப்பதில்லை. காலையில் பெரட்டுக்குப் போகிறவர் மத்தியானக் கொழுந்து நிறுக்கும் வரை பிள்ளை அழாமல் இருக்கவேண்டும் என்பதற்காகக் கொடுக்கிறார். பால்மா விலை ஏறும்போது பாலில் தண்ணீர் கூடுகிறது. ருசி குறைவதால் சீனி கூடுகிறது. பால்மாவும் இல்லாத நாளில் சாயத்தண்ணி. வேலை ஒழுங்கும் கடைவிலையும் சேர்ந்து செய்த சொத்தை இது. மடுவத்தில் பிள்ளைக்கு நேரத்துக்கு உணவு கிடைத்து, தாய்க்கு இடையில் வந்து பாலூட்ட வசதியும் இருந்தால் போத்தலுக்கு அங்கே வேலையே இல்லை.

சாயத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைட்டை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் செடி. சீனி போடாத தேநீர் பல்லைக் கெடுக்காது. பல்லைக் கெடுப்பது நாம் கரண்டி கரண்டியாகப் போடுவதுதான். இருந்தாலும் சின்னப் பிள்ளைக்குச் சாயத்தண்ணி வேண்டாம். உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலை தடுக்கிறது.

கவனிக்கப்படாத இன்னொரு வழி மருந்துப்பாணி. சளிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் பாணி மருந்துகள் பலவற்றில் சீனி இருக்கிறது. இரவு படுக்கப்போகும்போது ஊட்டிவிட்டு அப்படியே தூங்கவைக்கிறோம். மருந்துக்குப் பிறகு இரண்டு மிடறு தண்ணீர் குடிக்கவைத்தால் போதும். சக்கரையும் கித்துள் பாணியும் “நாட்டுச் சாமான்” என்பதால் பல்லுக்கு நல்லவை என்று எண்ண வேண்டாம். கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது. பிறகு தோட்டக் கடை டொபியும் ஐஸ் பக்கெட்டும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு டொபி பங்கிடும் நமது பழக்கத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும். ஒரு கொய்யாப்பழமோ அவித்த கடலையோ கொடுத்தால் பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் இருந்துவிடப் போவதில்லை.

மலைத் தண்ணீரும் பற்பசையும்

ஊவா மாகாணத்தில் இரண்டு மாவட்டங்கள். பல் விடயத்தில் இரண்டும் இரு வேறு உலகம். மொனராகலையின் வரண்ட பகுதிகளில் சில கிணறுகளில் புளோரைட் அளவுக்கு மிஞ்சி இருப்பதால் பிள்ளைகளின் நிலைத்த பற்களில் வெள்ளை, மண்ணிறத் திட்டுக்கள் விழுகின்றன. பதுளை, அப்புத்தளை, நமுனுகுல மலைகளின் ஊற்று நீரிலோ புளோரைட் குறைவு. மலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்புத் தண்ணீரிலிருந்து கிடைக்காது. பற்பசையிலிருந்துதான் கிடைக்க வேண்டும். 2021 இல் உலக சுகாதார நிறுவனம் புளோரைட் பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்தது. மூலிகைப் பற்பசைகள் சிலவற்றில் புளோரைட் இல்லை. பெட்டியில் “புளோரைட்” என்ற சொல்லும் பக்கத்தில் 1000 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மொனராகலைப் பக்கத்து வாசகர்கள் மட்டும் தங்கள் தண்ணீரைப் பற்றியும் பற்பசையைப் பற்றியும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு பசை. அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டியதில்லை, டியூப் இரு மடங்கு நாள் வரும். துலக்கியபின் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூடத் துலக்கிவிட வேண்டும். தன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாத பிள்ளையிடம் பல்லை ஒப்படைப்பது நியாயமில்லை. வீட்டுக்கு ஒரு பிரஷ் என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அடுப்புக்கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும்.

இரவுத் துலக்குதல்தான் முக்கியமானது. அதுதான் நம்மிடம் இல்லாததும். காரணம் சோம்பல் அல்ல. பீலித் தண்ணீர் லயத்துக்கு வெளியே. மார்கழி மழையில், நமுனுகுலக் குளிரில் இரவு எட்டு மணிக்கு எந்தத் தாய் பிள்ளையை வெளியே கொண்டுபோவாள்? ஆகவே இராச் சோறு முடிந்த கையோடு, வாசற்படியில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துக்கொண்டு துலக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறொன்றும் கொடாதிருங்கள். பகல் துலக்குதலைப் பிள்ளை மடுவத்தில் வைத்துக்கொள்ளலாம்: பிள்ளைக்கு ஒரு பிரஷ், ஒவ்வொன்றிலும் அடையாள நிற நூல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து. வீட்டில் முரண்டு பிடிக்கும் பிள்ளை கூட்டத்தில் துலக்கும்.

ஆறு வயதுப் பல்

இதைத் தனியே சொல்ல வேண்டும். ஆறு வயதளவில், எந்தப் பால்பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. பல் ஒன்றும் விழாததால் இதையும் பால்பல் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அது சாகும்வரை இருக்க வேண்டிய பல். அதற்குப் பின் வேறு முளைக்காது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உள்ளதால் சீக்கிரம் சொத்தையாகும். பக்கத்துப் பால்பற்கள் சொத்தையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். முன்கூட்டியே பிடுங்கப்பட்ட பால்பல்லின் வெற்றிடத்தில் இது சாய்ந்துகொள்வதும் உண்டு. பிறகு முளைக்கும் பற்களுக்கு இடமில்லாமல் ஏறுமாறாக வரும். பால்பல்லைக் காப்பாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாரிடம் போவது?

பல் வைத்தியர் ஒருவர்தான் வழி என்றில்லை. மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகவே பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். முன்பு “பல் தாதி” என்று அழைத்தோம். 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் தொடங்கிய பயிற்சியின் வழி வந்தவர்கள். சொத்தையை அடைப்பது, பால்பல்லைப் பிடுங்குவது, துலக்கக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அவர்களுடைய வேலை, கட்டணம் இல்லை. எந்தப் பாடசாலையில் அவர்களது சிகிச்சை நிலையம் இருக்கிறது, எந்த நாட்களில் திறக்கும் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேட்டறியலாம். தோட்டப் பாடசாலை தூரத்தில் இருந்தால், அதிபர் பெற்றோர் சங்கத்தோடு சேர்ந்து, ஒரு நாள் வந்து பார்க்கும்படி எழுதிக் கேட்கலாம். ஒவ்வொரு தாயும் தனித்தனியே ஒரு பேரை இழந்து பிள்ளையைச் சுமந்துபோவதைவிட, ஒரு கடிதம் மலிவானது. சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாத இடங்களில் இரண்டு மொழியும் அறிந்த ஓர் ஆசிரியையோ பழைய மாணவியோ கூட நிற்கட்டும். தன்னை என்ன செய்யப்போகிறார்கள் என்று புரியாத பிள்ளைதான் வாயை இறுக மூடும்.

“சொன்னபடி கேக்காட்டி பல்லு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருவேன், ஊசி போடுவாங்க” என்று வீட்டில் வெருட்டி வளர்த்துவிட்டு, வலி வந்த நாளில் அதே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். வலி இல்லாத நாளில், பெரியவர்கள் யாராவது போகும்போது சின்னவரையும் கூட்டிச் சென்று அந்தக் கதிரையைக் காட்டிவிட்டு வாருங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கும் பல் பரிசோதனை கிளினிக்கின் ஒழுங்கில் இருக்கிறது, தட்டிக்கழிக்க வேண்டாம். தாயின் வாய்க் கிருமிதான் பெரும்பாலும் பிள்ளையின் வாய்க்குப் போகிறது.

கன்னமோ தாடையோ வீங்கிக் காய்ச்சலும் வந்தால், வாயைத் திறக்க அல்லது விழுங்க முடியாவிட்டால், வீக்கம் கண்ணருகே ஏறினால், பேரைப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கக் கூடாது, ஈறு வெந்துபோகும். இருதய வருத்தம் உள்ள பிள்ளையென்றால் பல்லில் கைவைக்கும் முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள்; பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தாக்கக்கூடும்.

குழுவில் கலந்து பேச

உங்கள் பிரிவில் கடந்த மூன்று மாதத்துக்குள் பிள்ளைகளின் பல்வலிக்காகத் தாய்மார் எத்தனை பேர் இழந்தார்கள்? அரைப்பேரையும் சேர்த்து எண்ணுங்கள். அக்காள்மார் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை?

பிள்ளை மடுவத்துக்கு வரும் போத்தல்களில் என்ன இருக்கிறது? ஆயாம்மாவைக் குறை சொல்லாமல் அவரோடு உட்கார்ந்து கேளுங்கள். சீனி இல்லாமல் கொடுக்க வேண்டுமானால் அவருக்கு என்ன உதவி வேண்டும்?

பற்சிகிச்சைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் நாளில் அரை நாளாவது பேர் போடும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேட்பதானால் யார் யார் போவது? கையில் எந்தக் கணக்கைக் கொண்டுபோவது?